பூனை ஓரத்தைத் தொட்டும் மியாவ் சொல்லவில்லை, எப்படிப் புரியவைப்பது?

கேள்வி:
என் தங்கை மகனுக்கு 9 வயது. ஞாயிறுதோறும் ஸ்கிராட்ச் (பிளாக்குகளை அடுக்கிப் பூனையை ஆட்டிவைக்கும், குழந்தைகளுக்கான நிரல்மொழி) சொல்லித்தருகிறேன். வேலையில் ஜாவா மொழியில் நிரல் எழுதுகிறவன் நான், அதனாலேயே அவசரப்பட்டுவிடுகிறேன். போன வாரம், நிரலைத் தொடங்கிவைக்கும் பச்சைக் கொடிக்குக் கீழே ‘ஓரத்தைத் தொட்டால் மியாவ்’ என்று வைத்தான். அம்புக்குறியை அழுத்திப் பூனையை ஓரம்வரை நடத்தினான். சத்தமே இல்லை. “எப்போதும் என்கிற பிளாக்குக்குள் போடு” என்றேன், வேலை செய்தது. “முதலிலும் அதைத்தானே சொன்னேன் மாமா?” என்று கேட்டான். லூப், கண்டிஷன் என்று நான் இழுக்க, அவன் பூனைக்குத் தொப்பி வரையப் போய்விட்டான். விடையைச் சொல்லிக் கெடுத்துவிட்டேனோ?

பதில் 1:
பையன் சொன்னது நியாயம்தான். “மழை வந்தால் துணியை எடு” என்று வீட்டில் ஒரு தடவைதான் சொல்வார்கள். நாம் நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொள்வோம். கணினி கொடியை அழுத்திய நொடியில் ஒரே ஒரு தடவை அண்ணாந்து பார்க்கும். அப்போது பூனை நடு மேடையில் நிற்கிறது. மழை இல்லை, வேலை முடிந்தது என்று போய்விடும். அவனையே பூனையாக்கி, கண்ணை மூடச் சொல்லி, பிளாக்குகளை ஒவ்வொன்றாக நீங்கள் வாசியுங்கள்.

பதில் 2:
நடிப்பதற்கு முன் இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் பிளாக்குகளைச் சுற்றி மஞ்சள் ஒளி தெரியும். அவனுடைய பழைய வடிவத்தில் அது சட்டென்று அணைந்துவிடும். ‘எப்போதும்’ போட்டால் எரிந்துகொண்டே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். (அதுதான் கஷ்டம்.)

பதில் 3:
கேட்காததைச் சொல்கிறேன்: எழுத்தில் நிரல் எழுதும் பைத்தான் மொழிக்கு அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். மாற்றும்போது, பைத்தானில் படம் வரைய உதவும் டர்ட்டிலில் தொடங்கலாம், 1967-இல் வந்த லோகோ மொழியின் ஆமை வழி வந்தது அது. ஒரு பொறி உண்டு: வலப்பக்கம் பார்க்கும் திசைக்கு ஸ்கிராட்ச்சில் 90 டிகிரி, டர்ட்டிலில் வழக்கமாக 0. என் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். மஞ்சள் ஒளி அணைந்ததுமே “ஓ, அது தூங்கிப்போச்சு” என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது பூனை ஓரத்திலேயே நின்றால் ஓயாமல் கத்துகிறது. ஒரு தடவை மட்டும் கத்தவைக்க வழி சொல்லட்டுமா என்றேன். “வேண்டாம் மாமா, அதுக்கு வெளியே போகணும்” என்கிறான்.