வறுத்த வெங்காயம் மொறுமொறுப்பாக வரவே மாட்டேன் என்கிறது, எங்கே தப்பு?

மொட்டைமாடி:
வணக்கம். ஹைதராபாத் தம் பிரியாணிக்குப் போடுகிற வறுத்த வெங்காயம், பிரிஸ்தா என்பார்களே, அதை மூன்று ஞாயிற்றுக்கிழமையாக முயற்சி செய்துவிட்டேன், மூன்று தடவையும் சொதப்பல். முதல் தடவை 1 கிலோ பெல்லாரி வெங்காயத்தை அரிந்து, கடாயில் அரை லிட்டர் எண்ணெய் காய வைத்து, மொத்தமாகக் கொட்டினேன். அரை மணி நேரம் கிளறியும் குருமாவுக்கு வதக்கின மாதிரி துவண்டு கிடந்ததே தவிர நிறமே மாறவில்லை. சரி, தீயைக் கூட்டுவோம் என்று கூட்டினால் ரெண்டே நிமிஷத்தில் ஓரமெல்லாம் கரி, நடுவெல்லாம் வெள்ளை. ரெண்டாவது தடவை நிறம் அருமையாக வந்தது, அரை மணி கழித்துப் பார்த்தால் நமுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது, போதாக்குறைக்குக் கசப்பு. மூன்றாவது தடவை சோளமாவு தூவிப் பொரித்தேன், மொறுமொறுவென்றுதான் இருந்தது, ஆனால் சாப்பிட்டால் பஜ்ஜிக்கடைத் தூள்!

கறியில் தயிரோடு ஊற வைக்கும்போது இதைக் கையால் நொறுக்கிப் போட வேண்டுமாம். நான் நொறுக்கினால் விழுதாகத்தான் வருகிறது. கடையில் விற்கிற பாக்கெட்டையும் ஒரு தடவை வாங்கினேன், பழைய எண்ணெய் வாடை. வருகிற ஞாயிறு மாமனார் வீட்டிலிருந்து 6 பேர் வருகிறார்கள். என்னிடம் இருப்பது இண்டக்ஷன் அடுப்பு, ஒரு பழைய கேஸ் அடுப்பும் உண்டு. யாராவது பொறுமையாகச் சொல்லுங்களேன்.

கறிவேப்பிலை:
உங்கள் முதல் தடவையிலேயே பாதி பதில் இருக்கிறது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அப்படியென்றால் அரை லிட்டர் எண்ணெயில் கிட்டத்தட்ட 900 கிராம் தண்ணீரைக் கொட்டியிருக்கிறீர்கள், அப்புறம் எப்படிப் பொரியும்? தண்ணீர் வெங்காயத்துக்குள் இருக்கிற வரை அதன் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், நிறம் மாறுவதற்கு அதைவிட நிறையவே வேண்டும். அதனால் முதலில் வேகும், துவளும், தண்ணீர் போன பிறகுதான் சிவக்க ஆரம்பிக்கும். பொறுமையில்லாமல் நீங்கள் தீயைக் கூட்டிய நேரத்தில் மெலிசான ஓரங்களில் தண்ணீர் தீர்ந்திருந்தது, நடுவில் தீரவில்லை. கரியும் வெள்ளையும் சேர்ந்து வந்தது அதனால்தான்.

கால் கிலோ கால் கிலோவாகப் போடுங்கள். போட்டவுடன் சளசளவென்று பெரிய சத்தம் வரும், நுரை பொங்கும். அந்தச் சத்தம் குறைந்து, குமிழ்கள் சின்னதாகி, எண்ணெய் அடங்கிப்போனால் தண்ணீர் முடியப்போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு கண்ணை அங்கே இங்கே எடுக்காதீர்கள், போன் வந்தாலும் எடுக்காதீர்கள். அதுவரை 10 நிமிஷம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது, அதன் பிறகு 1 நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இண்டக்ஷன் வேண்டாம், கேஸில் செய்யுங்கள். இண்டக்ஷனில் நீங்கள் வைக்கிற டிகிரி கண்ணாடிக்கு அடியில் அளப்பது, எண்ணெய்க்குள் அளப்பதில்லை. நடுவில் அணைந்து அணைந்து எரிகிறது வேறு.

வாணியம்பாடி வாசி:
தம்பி, எங்க மாமா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர், சின்ன வயசில் அவர்கூடப் போய் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பொரிப்பதைப் பற்றி மேலே சொன்னது சரிதான், ஆனால் தப்பு அதற்கு முன்னாலேயே நடக்கிறது.

முதலில் வெங்காயம். எந்த மாதத்தில் வாங்கினீர்கள் என்று பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் வரத்தாகிற புது வெங்காயம் பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் உள்ளே தண்ணீர், வைத்தால் நிற்காது. பங்குனி சித்திரையில் அறுவடையாகிற வெங்காயத்தைத்தான் மாதக்கணக்கில் பட்டறை போட்டு வைப்பார்கள், மேல்தோல் காய்ந்து சரசரவென்று இருக்கும், கழுத்து இறுகிச் சுருங்கியிருக்கும். அதுதான் வேண்டும். கடையில் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கழுத்தை அமுக்கிப் பாருங்கள், மெத்தென்றிருந்தால் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

ரெண்டாவது அரிவது. நீங்கள் குறுக்கே வளையம் வளையமாக அரிந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது வேண்டாம். நெடுக்காக ரெண்டாகப் பிளந்து, வேர்ப்பக்கக் கட்டியை வெட்டி எறிந்துவிட்டு (அது இருந்தால் இதழ்கள் பிரியாது), வேரிலிருந்து நுனிக்கு நெட்டுவாக்கில் அரியுங்கள். நார் அறுபடாமல் வரும், எண்ணெயில் குழையாது. எல்லாம் ஒரே கனமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒன்று காகிதம், ஒன்று கட்டை என்று இருந்தால் எந்தக் கொம்பனாலும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர முடியாது. அரிவாள்மனையில் கை பழகியவர்கள் பிரமாதமாகச் செய்வார்கள், மற்றவர்கள் காய் சீவுகிற பலகையை வைத்து 2 மில்லிமீட்டர் கனத்தில் சீவலாம், விரல் ஜாக்கிரதை.

அரிந்ததைக் கையால் உதிர்த்துவிட்டு, ஒரு பழைய வேட்டியில் பரப்பி, ஃபேன் அடியில் 1 மணி நேரம் விடுங்கள். எங்க மாமா கயிற்றுக்கட்டிலில் துணி விரித்துப் பரப்புவார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்போம். சும்மா கிடக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அடுப்பில் கால் மணி நேரம் மிச்சமாகும்.

மூன்றாவதுதான் உங்கள் கசப்புக்குக் காரணம். கடாயில் நல்ல நிறம் வந்த பிறகு எடுத்தீர்கள் இல்லையா? அப்போதே தாமதம். வெளியே எடுத்த பிறகும் அந்தச் சூட்டில் வெங்காயம் சிவந்துகொண்டேதான் இருக்கும். உங்களுக்கு வேண்டிய நிறத்துக்கு ரெண்டு படி முன்னால், வைக்கோல் நிறம் தாண்டி லேசாகத் தேன் நிறம் தட்டும்போதே எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் குவித்து வைக்காதீர்கள், பரப்புங்கள். குவித்தால் நடுவில் இருப்பது தன் ஆவியிலேயே வெந்து நமுத்துப்போகும், சூடும் அடங்காது. உங்கள் ரெண்டாவது தடவையில் கசப்பும் நமுப்பும் சேர்ந்தே வந்தது இப்படித்தான்.

சந்தேகப்பிராணி:
எல்லாம் சரி, நான் கேட்பது வேறு. இவ்வளவு பாடு எதற்கு? சீரகச்சம்பாவில் ஆம்பூர் பிரியாணியோ திண்டுக்கல் பிரியாணியோ செய்தால் வெங்காயத்தை மசாலாவோடு வதக்கினால் போதும், கதை முடிந்தது. மாமனார் வீட்டுக்காரர்கள் பாஸ்மதியைப் பார்த்தால்தான் சாப்பிடுவார்களா என்ன?

அப்புறம், யாரும் உப்பைப் பற்றிச் சொல்லவில்லையே. அரிந்த வெங்காயத்தில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறி, கால் மணி நேரம் விட்டுப் பிழிந்தால் தண்ணீர் தானாக வந்துவிடும், ஒரு மணி நேரம் ஃபேன் காற்று வாங்க வேண்டியதில்லை. சோளமாவையும் ஏன் எல்லாரும் கேவலமாகப் பேசுகிறீர்கள் என்று தெரியவில்லை, கிலோவுக்கு 1 மேசைக்கரண்டி மட்டும் தூவினால் மாவு தெரியாது.

வாணியம்பாடி வாசி:
ஆம்பூரைப் பற்றி எங்க ஊர்க்காரனிடமே சொல்கிறீர்களா, சந்தோஷம். நீங்கள் சொல்வது உண்மை, எங்க பக்கத்து பிரியாணிக்கு இது தேவையில்லை. ஆனால் தம்பி கேட்டது ஹைதராபாத் பச்சைக்கறி தம். அதில் பாதி வெங்காயம் நொறுங்கி ஊறலுக்குள் போகிறது, பாதி சாதத்தின் மேல். குழம்பின் நிறமும் அந்த லேசான இனிப்பும் இதிலிருந்துதான். மசாலா வதக்குகிற கட்டமே கிடையாது, அதனால் இதை விட்டால் ருசிக்கு வேறு வழியில்லை.

உப்பு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தண்ணீர் வரும், சரி. ஆனால் வெங்காயம் துவண்டு கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும், பிழிகிறபோது சாறோடு இனிப்பும் போகும், எவ்வளவு பிழிந்தாலும் உப்பு கொஞ்சம் உள்ளே நிற்கும். ஊறலில் உப்பு போடும்போது இதை மறந்துவிட்டால் பிரியாணி முழுக்கக் கரிக்கும். ஈரமான புது வெங்காயம்தான் கிடைக்கிறது, வேறு வழியே இல்லை என்றால் செய்யலாம்.

ஜுரோங் அத்தை:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன் ப்பா. இங்கே மலாய்க்காரர்கள் இதையே சின்ன வெங்காயத்தில் செய்வார்கள், பவாங் கோரெங் என்பார்கள், மீ சோத்தோ என்கிற நூடுல்ஸ் சூப், கஞ்சி எல்லாவற்றின் மேலும் தூவுவார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டது ஒன்று சொல்கிறேன், எண்ணெயைக் காய வைக்கவே வேண்டாம். பச்சை எண்ணெயில் வெங்காயத்தை முங்குகிற அளவு போட்டு, அப்புறம் அடுப்பைப் பற்ற வைத்து நடுத்தரத் தீயில் விட்டுவிடுவது. எண்ணெயும் வெங்காயமும் சேர்ந்தே சூடேறும், ஓரம் முந்திக்கொண்டு கருகாது. 15லிருந்து 20 நிமிஷம் ஆகும். எண்ணெய் குடித்துவிடுமோ என்று நானும் பயந்தேன், குடிக்கவில்லை. ஆவி வெளியே வருகிற வரைக்கும் எண்ணெய் உள்ளே போக இடமில்லை, எடுத்த பிறகு ஆறும்போதுதான் மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை உள்ளே இழுக்கும். அதனால் எடுத்த உடனே நன்றாக உதறி வடித்துவிட வேண்டும், இதில் சோம்பல் கூடாது.

ஜல்லிக்கரண்டியால் அள்ளி அள்ளி எடுக்கிறாயா? அதுவும் தப்பு. முதல் கரண்டிக்கும் கடைசிக் கரண்டிக்கும் நடுவில் அரை நிமிஷம் போகும், அதற்குள் கடைசி கரண்டி கறுத்துவிடும். காலிப் பாத்திரத்தின் மேல் எஃகு வடிகட்டியை வைத்துத் தயாராக இரு, நிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு கடாயோடு கவிழ்த்துவிடு. சின்னக் கடாய்க்குத்தான் இது, பெரிய கடாயில் எண்ணெயைத் தூக்கிக் கவிழ்க்கப் போய்க் கையைச் சுட்டுக்கொள்ளாதே, பிள்ளைகளை அடுப்படிப் பக்கம் விடாதே.

இன்னொன்று, சூடாக இருக்கும்போது எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு மொறுமொறுப்பு வரவில்லை என்று திரும்ப எண்ணெயில் போடுகிறார்கள். அது கமர்கட்டுப் பாகு மாதிரி ப்பா. சூட்டில் வளையும், ஆறினால்தான் உடையும். 5 நிமிஷம் பொறு.

மொட்டைமாடி:
அத்தை, இதேதான் நான் ரெண்டாவது தடவை செய்தது! வளைகிறதே என்று திரும்பப் போட்டேன். பெல்லாரிக்கும் பச்சை எண்ணெய் முறை சரிவருமா? சின்ன வெங்காயம் 1 கிலோ உரிப்பதற்குள் ஞாயிறு போய் திங்கள் வந்துவிடும்.

ஜுரோங் அத்தை:
சரிவரும், ஆனால் கால் கிலோவுக்கு மேல் போடாதே. சின்ன வெங்காயத்தில் தண்ணீர் கொஞ்சம் குறைச்சல், அதனால் அது சீக்கிரம் வரும். பெல்லாரிக்குக் கூடுதலாக அஞ்சு நிமிஷம் வைத்துக்கொள். முதல் ஈடுக்குத்தான் எண்ணெய் பச்சையாக இருக்கும், அடுத்த ஈடு போடுமுன் எண்ணெயைக் கொஞ்சம் ஆறவிடு.

கறிவேப்பிலை:
இன்னொரு சின்ன விஷயம், செய்தித்தாளில் வடிக்காதீர்கள், மை ஏறும். டிஷ்யூ பேப்பரில் பரப்பி, ரெண்டு நிமிஷம் கழித்து ஈரமான பேப்பரை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வடித்த எண்ணெயிலேயே உட்கார்ந்திருக்கும். சென்னை மாதிரி கடற்கரை ஊர் என்றால் ஆறினதும் உடனே மூடி இறுகின டப்பாவில் போட்டுவிடுங்கள், காற்றில் இருக்கிற ஈரமே நமுக்க வைத்துவிடும். சூடு ஆறுமுன் மூடினாலும் வேர்த்து நமுத்துவிடும்.

மொட்டைமாடி:
நேற்று செய்தேன், ஞாயிறு வரை காத்திருக்கப் பயம். கழுத்து இறுகின வெங்காயமாகப் பொறுக்கி 1 கிலோ, உரித்து அரிந்து, ஃபேன் அடியில் 1 மணி நேரம். நாலு ஈடு. முதல் ஈடு பச்சை எண்ணெயில், 22 நிமிஷம் ஆனது. சத்தம் அடங்குகிற அந்த இடம் இருக்கிறதே, சொல்லாமல் இருந்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன், மழை விட்ட மாதிரி சட்டென்று அமைதியாகிறது. ரெண்டாவது ஈட்டில் பயத்தில் சீக்கிரமே எடுத்துவிட்டேன், வெளுத்துப்போய் மெத்தென்று இருந்தது, அதை மட்டும் ஒரு நிமிஷம் திரும்பப் போட்டு எடுத்தேன். மூன்றும் நாலும் கச்சிதம். கையில் எடுத்து நொறுக்கினால் பொலபொலவென்று உதிர்கிறது!

எல்லாம் சேர்த்து நிறுத்துப் பார்த்தேன், 230 கிராம். ஒரு கிலோவுக்கு இவ்வளவுதான் வருமா என்று வீட்டில் கேட்டார்கள், பதில் சொல்வதற்குள் 50 கிராமைக் காணவில்லை, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றரைக் கிலோவாகப் போடப்போகிறேன். மிச்சமான எண்ணெயை என்ன செய்வது?

வாணியம்பாடி வாசி:
கீழே கொட்டிவிடாதே தம்பி! அதில்தான் வாசனையே இருக்கிறது. அடியில் தங்கின தூளைத் துணியில் வடிகட்டிவிடு, அது இருந்தால் அடுத்த தடவை கசக்கும். கறி ஊறலில் நாலு கரண்டி, தம் போடுமுன் சாதத்தின் மேல் ஒரு கரண்டி. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முட்டைக்கோ உருளைக்கிழங்கு வறுவலுக்கோ தீர்த்துவிடு. வெங்காயத்தை ஒளித்து வை, ஞாயிறு வரை.

சந்தேகப்பிராணி:
230 கிராமா? நான் உப்புப் போட்டுப் பிழிந்து இன்றைக்குச் செய்து பார்த்தேன். கொத்துக்கொத்தாகத்தான் வந்தது. சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.