விடிய விடியக் கூத்து: எந்தக் கேமரா வாங்கலாம்?

நண்பர்களே, செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்தை ஆவணப்படமாக எடுக்கப் போகிறேன். பானாசோனிக் எஸ்5 மார்க் 2 வாங்குவதா, பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே புரோ வாங்குவதா என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

முன்னது கை நடுக்கத்தைச் சமன்செய்கிறது, ஓடும் ஆளையும் ஃபோகஸ் விடாமல் பிடிக்கிறது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கூட்டத்துக்குள் பாய்ந்தால் தனியாளாகப் பின்தொடரலாம். பின்னதில் இந்த இரண்டும் இல்லை. ஆனால் 12 பிட் ரா, அதாவது நிறத்தைப் பிறகு விரிவாகத் திருத்த இடம் தரும் மூலப் பதிவு, கேமராவிலேயே பதிவாகிறது. எனக்கு நிறம்தான் முக்கியம். போன முறை பழைய கேமராவில் எடுத்தபோது, ஹாலஜன் வெளிச்சத்தில் வேடக்காரரின் சிவப்பு அரிதாரம் வெறும் திட்டாகிவிட்டது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவர் கன்னத்தில் வைத்த வெள்ளைப் புள்ளிகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. அவரிடம் காட்டவே மனம் வரவில்லை.

பிளாக்மேஜிக்கில் இரவு முழுக்கத் தனியாக எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? பேட்டரியை எப்படிச் சமாளித்தீர்கள்? எஸ்5 மார்க் 2-இன் வி-லாக் (பிறகு நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதியும் முறை) அந்தச் சிவப்பைத் தாங்குமா?