புளித்த அரிசி நீர் பூசினால் முகம் எரிகிறது: மலைக்குளிரில் என்ன செய்வது?

கோத்தகிரி வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியை அடுத்த ஒரு தேயிலைக் கிராமத்தில் வசிக்கிறேன். மார்கழி பிறந்துவிட்டால் இங்கே பகலில் சுள்ளென்ற வெயிலும் இரவில் உறைபனியும் மாறிமாறி வருவதால் கன்னங்கள் வறண்டு செதில் செதிலாக உரிகின்றன. தோட்டத்தில் பல ஆண்டுகள் வெயிலில் நின்றதால் கன்ன மேட்டில் கருமையும் படிந்திருக்கிறது. புளிக்கவைத்த தாவரச் சாறுகள் தோலுக்கு நல்லவை என்று பலர் சொல்லக் கேட்டு, அரிசி ஊறவைத்த நீரை மூடிப் புளிக்கவிட்டு, இரவில் பஞ்சால் தொட்டுப் பூசிவருகிறேன்.

மழைக்காலம் முடியும்வரை தோல் மிருதுவாகவே இருந்தது. உறைபனி தொடங்கிய பிறகு, அதே முறையில் செய்த நீர் பூசியவுடன் எரிகிறது. நெற்றியோரத்தில் ஒரே அளவிலான சிறு பொரிகள் அரிப்புடன் கிளம்பியுள்ளன. மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் தங்கையும் இதையே பூசுகிறாள். அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. புளிக்கவைத்த பொருள்களே என் தோலுக்கு ஒவ்வவில்லையா, அல்லது நான் தயாரிக்கும் நீரில்தான் கோளாறா? கடையில் விற்கும் புளிக்கவைத்த சாறுகளில் உண்மையிலேயே கூடுதல் பயன் உண்டா?

குன்னூர் வேதியியலாளர்:

சகோதரி, அழகுசாதன ஆய்வகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் முதலில் இரண்டு விவரங்களைக் கேட்கிறேன். அந்த நீர் தயிரைப் போலத் தெளிவான புளிப்பு வாசனை தருகிறதா, அல்லது ஊசிப்போன வாசனையா? மேற்பரப்பில் ஆடை போல ஏதேனும் படிகிறதா? முடிந்தால் ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் எண்ணிட்ட வண்ண அட்டையுடன் வரும் பி.எச். (அமில-கார அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) தாளை வாங்கித் தோய்த்துப் பாருங்கள். சாதாரண லிட்மஸ் தாள் அமிலமா காரமா என்பதை மட்டுமே காட்டும். எவ்வளவு என்று காட்டாது. விடை கிடைக்கும்வரை பூசுவதை நிறுத்திவையுங்கள்.

கோத்தகிரி வாசகி:

புளிப்பு வாசனை குறைவு. ஊறிய சாக்கின் வாசனை போல இருக்கிறது. மேலே மெல்லிய வழவழப்பான படலம் உள்ளது. தாளின் நிறம் 6க்கும் 7க்கும் இடைப்பட்ட கட்டத்தோடு ஒத்துப்போகிறது.

குன்னூர் வேதியியலாளர்:

அப்படியானால் உங்கள் நீர் புளிக்கவே இல்லை, கெட்டுப்போயிருக்கிறது. அரிசி நீரில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகி, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்ற வேண்டும். பி.எச். மதிப்பு 4.5க்குக் கீழே இறங்கும்போதுதான் தீய நுண்ணுயிர்கள் பலவற்றின் வளர்ச்சி தடைபடும். இந்தப் பாக்டீரியாக்கள் 25 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். மேட்டுப்பாளையத்துச் சமையலறையில் அந்த வெப்பம் இயல்பாகவே கிடைக்கிறது. நம் மலையில் மார்கழியில் அவை ஏறக்குறைய உறங்கிவிடுகின்றன. ஆனால் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா இனத்தில் குளிரிலும் வளரக்கூடியவை உண்டு. அமிலம் உருவாகாத அந்த இடைவெளியில் அவையும் பூஞ்சைகளும் இடம்பிடித்துவிடுகின்றன. உங்கள் தங்கையின் நீரும் உங்கள் நீரும் பெயரளவில்தான் ஒன்று.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன், ஆனால் அதன் காரணத்தைப் புரிந்துகொண்டு எதிர்பார்க்க வேண்டும். தாவரங்களில் உள்ள பயனுள்ள சேர்மங்கள் பல, ஒரு சர்க்கரை மூலக்கூறுடன் பிணைந்தே இருக்கின்றன. சோயாவில் உள்ள டெய்ட்சின் என்னும் சேர்மத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 416 டால்டன். நொதித்தலின்போது நுண்ணுயிரிகளின் நொதி அந்தச் சர்க்கரையை வெட்டி நீக்கியதும் அது சுமார் 254 டால்டன் எடையுள்ள டெய்ட்சீன் ஆகிறது. சிறியதாவதோடு, நீரை விட்டுக் கொழுப்பை நாடும் தன்மையும் அதற்குக் கூடுகிறது. தோலின் மேலடுக்கு கொழுப்பால் ஒட்டவைக்கப்பட்ட செல்களால் ஆனது என்பதால், ஊடுருவ இந்த இரண்டாவது மாற்றமே பெரிதும் உதவுகிறது. கொரிய நிறுவனங்கள் ஜின்செங் வேரைப் புளிக்கவைப்பதும் இதே காரணத்தால்தான்.

அடுத்தது, லாக்டிக் அமிலம். தோல் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள இயற்கையாக வைத்திருக்கும் கலவையில் அதுவும் ஒரு பகுதி. இறந்த செல்களை மெதுவாகத் தளர்த்தி உதிர்ப்பதும் அதுவே. தோலின் இயல்பான பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருப்பதால், சரியாகப் புளித்த சாறு அதற்கு அந்நியமாகத் தெரிவதில்லை. கருமையைக் குறைக்கப் பயன்படும் கோஜிக் அமிலமும் நொதித்தலின் கொடைதான்; 1907இல் ஜப்பானில், அரிசியைப் புளிக்கவைக்கும் கோஜிப் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நிறமியை உருவாக்கும் டைரோசினேஸ் நொதிக்குத் தேவையான செம்பை அது பற்றிக்கொள்கிறது. முகத்துக்கும் கைக்குமான பொருள்களில் அது 1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. அவ்வளவு வீரியம் உள்ள பொருள் அது. வீட்டு அரிசி நீரில் அது உண்டாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு அந்தக் குறிப்பிட்ட பூஞ்சை வேண்டும். சுருக்கங்கள் மறையும், வயது குறையும் என்னும் விளம்பரங்களுக்கு ஈரப்பதம் பற்றிய சான்றுகள் அளவுக்கு வலுவான ஆதாரம் கிடையாது.

உதகை இல்லத்தரசி:

அம்மா, இங்கே இட்லி மாவே குளிரில் பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்துத்தான் புளிக்கவைக்கிறோம். அரிசி நீரையும் அப்படியே வைத்து, ஒரு கரண்டி தெளிந்த மோர் விட்டால் புளித்துவிடுமே. எங்கள் வீட்டில் தலைக்கு இதைத்தான் காலங்காலமாக ஊற்றுகிறோம்.

குன்னூர் வேதியியலாளர்:

அம்மா சொல்லும் முறையில் புளிப்பு நிச்சயம் ஏறும். தலைக்கு ஊற்றி உடனே அலசிவிடுவதற்கு அதை நான் மறுக்கவில்லை. இரவு முழுவதும் முகத்தில் தங்கவிடுவது வேறு. ஆலையில் தேர்ந்தெடுத்த ஒரே நுண்ணுயிரைக் கட்டுப்பாட்டில் வளர்த்து, பிறகு வடிகட்டி, உயிருள்ள கிருமிகளை நீக்கி, பி.எச். அளவைச் சரிசெய்து, கெடாமல் காக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். வீட்டில் இவற்றில் எதுவும் நம் கையில் இல்லை. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கவைத்தாலும் சாவதில்லை என்பதால், காய்ச்சிப் பூசுவதும் முழுத் தீர்வாகாது.

கொடைக்கானல் செவிலியர்:

அக்கா, நெற்றியோரத்தில் ஒரே அளவில், அரிப்போடு வருபவை சாதாரண முகப்பருவாக இல்லாமல், மலசீசியா என்னும் பூஞ்சையால் மயிர்க்கால்களில் வரும் அழற்சியாகவும் இருக்கலாம். புகைப்படம் பார்த்து யாரும் உறுதி சொல்ல முடியாது. தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். அதுவரை அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் அந்தப் பூஞ்சைக்கு உணவாகும். வறண்ட கன்னத்துக்கு, குளித்து ஈரம் காயுமுன் வாசனையற்ற கிரீமும் அதன்மேல் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லியும் போதும். வெடித்த தோலில் எந்த அமிலமும் எரியத்தான் செய்யும். ஆகவே உரிதல் முற்றும் அடங்கும்வரை கடைச்சாறும் வேண்டாம். மருந்துக்கடையில் யாரேனும் சிவப்பழகுக் கலவைக் கிரீமை நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீம்களால் முகம் கெட்டு வருபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

கருமையைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டியிருப்பதால், குளிர் காற்று வெயிலின் சூட்டை மறைத்தாலும் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் கதிரைத் தோல் வாங்குகிறது. சன்ஸ்கிரீனும் தலையில் துணியும் இல்லாமல் எந்தச் சாறும் அந்தக் கருமையைக் குறைக்காது.

கோத்தகிரி வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. நீரைக் கொட்டிவிட்டேன். மருத்துவர் பூஞ்சை அழற்சி என்றே கூறி மருந்து தந்தார். பொரிகள் அடங்கி, கன்னமும் உரிவதை நிறுத்திவிட்டது. இனிக் கடைச்சாறு வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

குன்னூர் வேதியியலாளர்:

பொருள்பட்டியலைப் படியுங்கள். 1 விழுக்காட்டுக்கு மேலுள்ளவை அளவு இறங்கும் வரிசையில் எழுதப்படும். எனவே புளிக்கவைத்த அரிசியோ சோயாவோ முதல் சில பெயர்களுக்குள் வந்தால் அதை நம்பி வாங்கலாம். வாசனைப் பொருளுக்குப் பின்னால் வந்தால் பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள். வாசனையற்றதாக, கிளிசரின் உள்ளதாக, தயாரிப்புத் தேதி தெளிவாக அச்சிடப்பட்டதாகத் தேர்ந்தெடுங்கள். முழங்கை மடிப்பில் சில இரவுகள் பூசிப் பார்த்துவிட்டு, முகத்தில் வாரத்துக்கு இருமுறை மட்டும் இரவில் தொடங்குங்கள். பூசியபின் கிரீமால் மூடாவிட்டால் நம் ஊர்க் காற்று அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். எரிச்சல் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் கழுவிவிடுங்கள்.