கல்லூரிக் காட்சிக்கூடம்: பழங்காசும் ரூபாய் நோட்டும் ஒரே பெட்டியில் இருக்கலாமா?

வரலாற்றுத்துறை_கூடம்:
வணக்கம். எங்கள் கல்லூரியில் 20 அடிக்கு 14 அடி அறை ஒன்றை நாணயக் காட்சிக்கூடமாக மாற்றுகிறோம். முன்னாள் மாணவர் ஒருவரின் குடும்பம் காசுகளைக் கொடுத்துவிட்டது, நோட்டுகள் அடுத்த மாதம் வரும். இப்போது இருப்பவை: வெள்ளி முத்திரைக் காசு (சின்னங்களை அடித்துப் பதித்த பழங்காசு) 6, சாதவாகனர் ஈயக் காசு 11, சோழர் செப்புக் காசு முப்பதுக்கு மேல், ‘பணம்’ என்ற சிறு தங்கக் காசு 4, ‘வராகன்’ என்ற விஜயநகரப் பொற்காசு 1, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து வெள்ளிக் காசு சில, பிறகு அணா, நயா பைசா. வரப்போகும் நோட்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் 10 ரூபாயும் இருக்கிறது, செல்லாத 500, 1000 நோட்டுகள் 32-ம் இருக்கின்றன.

பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றும் 4 அடி நீளம், 2 அடி அகலம், அரை அடி உயரம். புது பிளைவுட், மேலே கண்ணாடி, உள்ளே டியூப் லைட், அடியில் சிவப்பு வெல்வெட். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஈயக் காசுகள் மேல் வெள்ளை மாவு பூத்திருக்கிறது. துடைத்துவிடலாமா? நோட்டுகள் வந்தால் அதே பெட்டியில் வைக்கலாமா?

களிம்பு:
துடைக்காதீர்கள், ஊதவும் வேண்டாம். அந்த மாவு ஈய கார்பனேட், நஞ்சு. நைட்ரைல் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு 11 காசுகளையும் இன்றைக்கே பெட்டியிலிருந்து எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி பாலித்தீன் உறையில் போட்டு, மூடியுள்ள பாலிபுரோப்பிலீன் டப்பாவில் வையுங்கள். தண்ணீர் படக்கூடாது. பூத்ததை நீக்குவது ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

காரணம் உங்கள் பிளைவுட். மரம் எதுவானாலும் அசிட்டிக் அமில ஆவியை விடும். புதுப் பிளைவுட்டிலும் எம்.டி.எஃப். பலகையிலும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடும் ஃபார்மிக் அமிலமும் சேர்ந்து வரும். மூடிய பெட்டிக்குள் இந்த ஆவி தேங்கினால் முதலில் அடிவாங்குவது ஈயம்தான். வார்னிஷ் அடித்தால் தடுக்கலாம் என்பார்கள், அதை நம்பாதீர்கள். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு அல்லது அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்ட பெட்டிதான் சரி. பணம் இல்லையென்றால் மரத்தின் உட்புறம் முழுக்க அலுமினியப் படலம் ஒட்டிய தடுப்புத்தாள் போடுங்கள். ஆனால் ஈயக் காசு அதற்குள்ளும் போகக்கூடாது.

வெல்வெட்டையும் எடுத்துவிடுங்கள். சில சாயத்துணிகளில் கந்தகம் இருக்கும், வெள்ளி கறுத்துப்போகும். வெளுக்காத பருத்தித் துணியைப் பலமுறை வெந்நீரில் அலசி விரித்தால் போதும். ரப்பர் பேண்டு, ரப்பர் பசை எதுவும் பெட்டிக்குள் வேண்டாம்.

ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது என்பதற்கு ஈரப்பதம் ஒன்றே போதும். செம்பில் வெளிர்பச்சைப் பொடியாகப் புள்ளி வந்தால் அது உள்ளே இருக்கும் குளோரைடு வேலை செய்கிறது என்று பொருள். வழவழப்பான கரும்பச்சை அப்படி இல்லை, அது காசைக் காக்கும் படலம், அதைத் தொடாதீர்கள். பொடிப் புள்ளி பரவாமல் இருக்க ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வேண்டும். தாளை அவ்வளவு உலர்த்தினால் மொறமொறத்து மடிப்பில் உடையும், அதற்கு 45 முதல் 55 வரை. ஆகவே உலோகத்துக்கு ஒரு பெட்டி, தாளுக்கு ஒரு பெட்டி.

ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லுக்குக் கணக்கு கன மீட்டருக்கு 20 கிலோ. உங்கள் பெட்டி 4 கன அடி, அதாவது சுமார் 0.11 கன மீட்டர். உலோகப் பெட்டிக்கு 2.2 கிலோ ஆரஞ்சு சிலிகா ஜெல், கீழே தனித் தட்டில். நீல ஜெல்லில் கோபால்ட் இருப்பதால் தவிருங்கள். நிறம் மாறியதும் 110 டிகிரி அவனில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். உள்ளே ஓர் ஈரப்பதமானி கட்டாயம்.

இன்னொன்று: புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை துலக்கும் பவுடர் எதையும் எந்தக் காசிலும் தேய்க்கவிடாதீர்கள். பொறித்த எழுத்தோடு போய்விடும்.

கால்வராகன்:
பெட்டியைப் பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் விவர அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். அரசர் பெயரும் ஆண்டும் மட்டும் எழுதினால் பார்க்கிறவர் நாலு பெட்டி தாண்டி வெளியே போய்விடுவார். எடையையும் மாற்று மதிப்பையும் எழுதுங்கள். முத்திரைக் காசு சுமார் 3.4 கிராம் வெள்ளி, வராகன் சுமார் 3.4 கிராம் தங்கம், 1835-க்குப் பிந்தைய வெள்ளி ரூபாய் 11.66 கிராம். தங்கப் பணம் அரை கிராம்கூட வராது. கண்ணாடிக்கு மேலே ஐந்து மடங்கு உருப்பெருக்கி வைக்காவிட்டால் அது ஒரு பொட்டு மாதிரிதான் தெரியும்.

பல கூடங்களில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. விஜயநகரத் தங்கப் பணத்துக்குக் கீழே ‘42 பணம் ஒரு வராகன்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தங்கப் பணம் வராகனில் பத்தில் ஒரு பங்கு. 42 என்பது கம்பெனியின் சென்னைக் கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அங்கே பணம் வெள்ளி. இரண்டையும் தனித்தனியே காட்டினால்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

உங்கள் கம்பெனிக் காசுகளில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வெள்ளிக் கால் வராகன் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள், மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் திருமால். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு நான்கும் அந்த ஒரே காசில் உண்டு. இருந்தால் கூடத்தின் நடுவே தனிப் பெட்டி அதற்குத்தான்.

அணாவையும் நயா பைசாவையும் பிரிக்காதீர்கள். 1957 ஏப்ரல் 1-க்குப் பிறகு இரண்டும் சேர்ந்தே புழங்கின. 1 அணாவுக்கு 6 நயா பைசா, 2-க்கு 12, 3-க்கு 19, 4-க்கு 25 என்ற மாற்றுப் பட்டியலைப் பெரிதாக எழுதி நடுவில் வையுங்கள். மூன்றுக்கு ஏன் 18 இல்லை என்று எந்தப் பிள்ளையும் நின்று கேட்கும். ஓர் அணா 6.25 என்பது அங்கேயே புரிந்துவிடும்.

வரலாற்றுத்துறை_கூடம்:
மிக்க நன்றி சார். ஈயக் காசுகளை எடுத்துவிட்டோம். சில செப்புக் காசுகள் ஆல்பத்தில் இருந்தவை, பச்சையாகப் பிசுபிசுக்கின்றன. நோட்டுகளுக்கு வெளிச்சம் எவ்வளவு இருக்கலாம்?

தாள்பணம்:
பிசுபிசுப்பு பி.வி.சி. உறையின் வேலை. சுத்தமான அசிட்டோனில் காசை நனைத்து எடுத்தால் போகும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். சன்னலைத் திறந்து வைத்து, தீ இல்லாத இடத்தில் செய்யுங்கள். நோட்டில் அசிட்டோன் படவே கூடாது, மை கரையும். நோட்டுகளுக்கு மைலார் (தெளிவான பாலியெஸ்டர்) உறைதான், செல்லோ டேப் ஒருபோதும் வேண்டாம்.

டியூப் லைட்டைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவாருங்கள், உள்ளே அது சூடேற்றும், புற ஊதாவும் விடும். நோட்டின் மேல் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), அதற்கு மேல் வேண்டாம். எளிதில் வெளுக்கும் சாயத்துக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ் மணி என்பது வரம்பு. 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 37 நாளில் தீர்ந்துவிடும். அதனால் ஜார்ஜ் நோட்டை ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் வைத்துவிட்டு, மற்ற நாளில் பெரிதாக்கிய படம் வையுங்கள். படம் ஒரு பக்கம் மட்டும், அசல் அளவில் இல்லாமல், ‘மாதிரி’ என்ற எழுத்தோடு. நோட்டைப் போலிருக்கும் அச்சு பாரதிய நியாய சன்ஹிதா 182-ஆம் பிரிவில் குற்றம்.

அந்த 32 நோட்டுகள் விஷயத்தில் உடனே பேசுங்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாத 500, 1000 நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஆய்வு, நாணயவியல் தேவைக்கு 25 வரைதான். அபராதம் 10,000 ரூபாய் அல்லது நோட்டு மதிப்பின் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. கொடையை எழுதி வாங்கும் முன்பே கல்லூரி வழக்கறிஞரைக் கேட்டு முடிவெடுங்கள். காட்சிக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு போதும்.

அட்டை எழுதும்போது 1 ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது இந்திய அரசின் நோட்டு, கையெழுத்து நிதித்துறைச் செயலருடையது. வங்கி 1935-இல் தொடங்கினாலும் அதன் முதல் நோட்டு 1938-இல் வந்த 5 ரூபாய், ஆறாம் ஜார்ஜ் படத்தோடு.

களிம்பு:
காசு வெளிச்சத்துக்கு ஒரு வார்த்தை. நேர் மேலிருந்து அடித்தால் தேய்ந்த சோழர் காசில் ஒன்றும் தெரியாது. ஒரு சிறு எல்.இ.டி. விளக்கைப் பக்கவாட்டில் 20, 30 டிகிரி சாய்வில் வையுங்கள், நின்ற உருவமும் ‘ஸ்ரீராஜராஜ’ என்ற நாகரி எழுத்தும் நிழலோடு எழும். காசைப் பசையால் ஒட்டாதீர்கள். மூன்று துருப்பிடிக்காத ஊசிகளுக்குப் பாலித்தீன் குழாய் மாட்டி விளிம்பில் தாங்கச் செய்து, பின்பக்கத்தைப் படமாக அருகில் வையுங்கள்.