சத்திரசிகிச்சைக்குப் பின் அம்மாவுக்குச் சொந்த உடுப்பு கொடுக்கலாமா?

உப்புவெளி மகள்:
அம்மாவுக்கு 71 வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை முடிந்து இன்று நான்காம் நாள். நடக்கச் சொல்லிவிட்டார்கள். அவரோ போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்தே இருக்கிறார். வலி என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றுப் பின்னேரம் என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "இந்த அங்கி பின்பக்கம் திறந்து கிடக்கிறது பிள்ளை. ஆண்கள் போய்வருகிற இடம். எப்படி எழும்புவேன்?" தலைப்பை இழுத்துச் செருகாமல் கேற்றடிக்குக்கூட வராதவர் அவர். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. வீட்டுச் சேலை கொண்டுபோகட்டுமா?

ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, வார்ட் தாதியிடம் கேட்டுவிட்டுக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஆனால் சேலை வேண்டாம், கொசுவம் காலில் தட்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த, கணுக்காலுக்கு மேலே நிற்கும் பருத்திச் சோட்டி நல்லது. உள்ளாடையைச் சத்திரசிகிச்சை செய்த காலில் முதலில் போட வேண்டும். கழற்றும்போது அந்தக் கால் கடைசி. குனிய விடாதீர்கள், நீங்களே போட்டுவிடுங்கள். செருப்புக்குக் குதிக்காலில் பட்டி இருக்கட்டும்.

உடுப்பு காயத்தை ஆற்றாது. ஆளை எழுப்பும், அதுதான் முக்கியம். படுத்தே கிடந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையலாம், நுரையீரலில் சளி கட்டலாம். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல சுகத்தோடு இருந்த முதியவர்களை 10 நாட்கள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. 2018இல் இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகள், நோயாளரை எழுப்பி, சொந்த உடுப்பு உடுத்தி, நடக்க வைக்க 70 நாள் இயக்கமே நடத்தின.

கிண்ணியா வாசகர்:
வாப்பாவுக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை நடந்தபோது நான் ஒரு பிழை விட்டேன் அக்கா. சாரம் கொடுத்தேன், இடுப்பில் செருகிய மடிப்பு காயத்திலேயே அழுத்தியது. பிறகு நாடா தளர்ந்த காற்சட்டை வாங்கினோம். வெள்ளைச் சட்டையையும் போட்டுவிட்டதும் சீப்புக் கேட்டார். அன்றுதான் கதிரையில் இருந்து சாப்பிட்டார்.

உப்புவெளி மகள்:
அக்கா, தம்பி, இருவருக்கும் நன்றி. நீலப் பூப்போட்ட சோட்டியைத் துவைத்து வெயிலில் காயவைத்துக் கொண்டுபோனேன். பொத்தான்களைத் தொட அம்மா என்னை விடவில்லை. விரல் நடுங்க நடுங்க ஆறையும் அவரே பூட்டினார். பிறகு நடைச்சட்டத்தைப் பிடித்து ஜன்னல்வரை போனார். நாளைக்கு மாற்ற இன்னொன்று வேண்டுமாம்.