புதுப்பிப்பு: 12 வோல்ட் டிசி மோட்டார் குறைந்த வேகத்தில் இப்போது நிற்பதில்லை

காயில் சுற்றும் சின்ன மெஷினில் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தால், கம்பி இறுகியதும் நின்றுவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். மோட்டாருடன் தொடரில் இருக்கும் ரியோஸ்டாட்தான் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) காரணம் என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. சுமை ஏறினால் மோட்டார் அதிக கரண்ட் கேட்கும். அப்போது பார்த்து ரியோஸ்டாட்டில் இன்னும் வோல்டேஜ் விழுந்து, மோட்டாருக்குக் கிடைப்பது குறைந்துவிடும்.

இப்போது பிடபிள்யூஎம்முக்கு, அதாவது மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து துடிப்புகளாகக் கொடுக்கும் முறைக்கு, மாறிவிட்டேன். ஆர்டுயினோ ஊனோ (சின்ன கன்ட்ரோலர் போர்டு), சுவிட்சாக ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட், ஆஃப் ஆகும்போது மோட்டாரின் கரண்ட் ஓட மோட்டாருக்குக் குறுக்கே ஒரு ஷாட்கி டையோடு, அவ்வளவுதான். துடிப்புகளின் சராசரி வோல்டேஜ்தான் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. நடுவில் ரெசிஸ்டர் இல்லாததால் தேவையான கரண்ட் தடையில்லாமல் வருகிறது. மெதுவாகச் சுற்றும்போதும் நல்ல பிடிப்பு, மனசுக்கு நிறைவாக இருக்கிறது!

முதலில் கீச்சென்ற சத்தம் வந்தது. ஊனோவின் வழக்கமான துடிப்பு அதிர்வெண்ணான 490 ஹெர்ட்ஸ் காதுக்கு நன்றாகவே கேட்கும். 9-ஆம் பின்னில் துடிப்பை உண்டாக்கும் டைமர் 1-இன் அமைப்பை மாற்றி 31 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றியதும் சத்தமே இல்லை. ஆனால் அந்த அதிர்வெண்ணில் மாஸ்ஃபெட் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அதனால் கேட் டிரைவர் (மாஸ்ஃபெட்டைச் சட்டென்று ஆன்-ஆஃப் செய்யும் சிப்) வைப்பது நல்லது.

சுமையில் வேகம் இன்னும் லேசாக இறங்கத்தான் செய்கிறது. அடுத்து பேக் இஎம்எஃப்பை (சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜ், வேகத்தைக் காட்டும்) அளந்து வேகத்தைத் திருத்தப் பார்க்கிறேன். அதற்குப் பிடபிள்யூஎம்மைச் சில மில்லிசெகண்ட் நிறுத்தி, டையோடு வழியே ஓடும் கரண்ட் அடங்கிய பிறகுதான் அளக்க முடியும். இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.