52 வார உச்சப் பட்டியலை வைத்து ஸ்விங் டிரேடிங்: எதை எடுப்பது, எதைக் கழிப்பது?

புதுக்கணக்கு:
என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) தளத்தில் தினமும் வரும் 52 வார உச்சப் பட்டியலை, அதாவது கடந்த ஓராண்டின் மிக உயர்ந்த விலையைத் தொட்ட பங்குகளை வைத்து, ஸ்விங் டிரேடிங் (சில வாரம் வைத்திருந்து விற்பது) செய்யலாமா? உச்சத்தில் வாங்கினால் மாட்டிக்கொள்வோம் என்கிறார்கள் சிலர். உச்சத்தை உடைத்ததுதான் இன்னும் ஏறும் என்கிறார்கள் வேறு சிலர். கையில் உள்ள முதலீடு 2 லட்சம். ஒரு பங்கை 3 முதல் 8 வாரம் வரை வைத்திருக்க எண்ணம். நுழைவு, ஸ்டாப்லாஸ் (நஷ்டம் பெருகாமல் விற்று வெளியேறும் விலை) எங்கே வைப்பது?

மெழுகுவத்தி:
இரண்டு பேச்சிலும் விஷயம் இருக்கிறது. விலை பழைய உச்சத்தை நெருங்கும்போது ‘இதுக்கு மேல எங்க போகப்போகுது’ என்று விற்பவர்கள் கூடுவார்கள். அந்தச் சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்தால்தான் விலை தாண்டும். தாண்டிவிட்டால், கடந்த ஓராண்டில் வாங்கிய யாரும் நஷ்டத்தில் இல்லை. ‘அசல் வந்தா போதும், வித்துடுவேன்’ என்று காத்திருப்பவர்கள் குறைவு. ஜார்ஜ், ஹுவாங் இருவரும் அமெரிக்கப் பங்குகளை வைத்து 2004-ல் வெளியிட்ட ஆய்வும் உச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பவை அடுத்த மாதங்களில் மற்றவற்றைவிட நன்றாகப் போனதாகவே சொல்கிறது. ஆனால் அது ஏராளமான பங்குகளின் சராசரி. நீங்கள் வாங்கும் ஒன்றுக்கு உத்தரவாதம் கிடையாது.

‘கடந்த ஓராண்டில்’ என்பதில்தான் சூட்சுமம். யெஸ் பேங்க் 2018 ஆகஸ்டில் 400 ரூபாய்ப் பக்கம் போன பங்கு. 2024 பிப்ரவரியில் 32 ரூபாயைத் தாண்டியபோது அதுவும் 52 வார உச்சம்தான்! எனவே முதலில் மாதச் சார்ட்டைப் பத்து வருடத்துக்கு விரித்துப் பாருங்கள். மேல் விலையில் வாங்கி மாட்டிக்கொண்டவர்களின் பழைய சரக்கு தேங்கிக் கிடந்தால் விட்டுவிடலாம்.

சர்க்யூட்:
பட்டியலில் பாதியைச் சார்ட் திறக்காமலே கழித்துவிடலாம். டிரேட் டு டிரேட் பிரிவில் இருப்பவை, ஏஎஸ்எம், ஜிஎஸ்எம் என்ற எக்ஸ்சேஞ்ச் கண்காணிப்புப் பட்டியல்களில் இருப்பவை, 5% அல்லது அதற்கும் குறைந்த சர்க்யூட் வரம்பு (ஒரு நாளில் விலை ஏறி இறங்க அனுமதித்த எல்லை) உள்ளவை எதுவும் வேண்டாம். டிரேட் டு டிரேட்டில் வாங்கிய அன்றே விற்க முடியாது. லோயர் சர்க்யூட்டில், அதாவது அந்தக் கீழ் எல்லையில், பூட்டிவிட்டால் ஸ்டாப்லாஸ் ஆர்டர் வரிசையில் நிற்கும், வாங்க ஆள் இருக்காது.

அடுத்தது குளோசிங். பகலில் ஒரு நிமிடம் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிய பங்கும் பட்டியலில் வந்துவிடும். முடிவு விலை பழைய உச்சத்துக்கு மேலேயும், அன்றைய ரேஞ்சின் மேல் கால் பகுதியிலும் இருக்க வேண்டும். வால்யூம் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) 20 நாள் சராசரியைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும். கூடவே சாயங்காலம் வரும் டெலிவரி சதவீதத்தையும் (அன்றே விற்றுவிடாமல் கணக்கில் எடுத்துக்கொண்டவை எத்தனை சதவீதம் என்பது), பல்க் டீல், பிளாக் டீல் எனப்படும் பெரிய கைமாற்றங்களின் விவரத்தையும் பாருங்கள். ஒரே ஒரு பெரிய கைமாற்றம் வால்யூமை ஊதிக் காட்டும்.

50 நாள் சராசரி விலையிலிருந்து 25% மேலே ஓடிவிட்டதைத் துரத்த வேண்டாம். ஆறேழு வாரம் குறுகிய ரேஞ்சில் படுத்திருந்து உடைத்ததே நல்லது, ஸ்டாப்லாஸ் பக்கத்தில் கிடைக்கும்.

போனஸ், ஸ்ப்ளிட்டுக்குச் சரிசெய்த சார்ட்தானா என்றும் பாருங்கள். ரிலையன்ஸ் 2024 ஜூலையில் தொட்ட 3,217.60, அக்டோபரில் வந்த 1:1 போனஸுக்குப் பிறகு 1,608.80 ஆகிவிட்டது. சரிசெய்யாத சார்ட்டில் பங்கு பாதியாகச் சரிந்த மாதிரி தெரியும்.

கணக்குப்பிள்ளை:
நுழைவுக் கணக்கு. பழைய உச்சம் 500, ரேஞ்சின் அடி 482 என்று வைத்துக்கொள்வோம். 505-ல் வாங்கினால் ஸ்டாப் 480, பங்குக்கு 25 ரூபாய் ரிஸ்க். ஒரு டிரேடில் இழக்கத் துணிவது 2 லட்சத்தில் 1% என்றால் 2,000. ஆக 80 பங்கு, முதலீடு 40,400. மறுநாள் 520-ல் கேப் அப் ஆகி, அதாவது விலை தாவி, திறந்தால் ரிஸ்க் 40 ரூபாய், 50 பங்குதான் வாங்கலாம். அதே 80 வாங்கினால் ரிஸ்க் 3,200. பலர் அடிபடுவது இங்கேதான்.

லாபத்தில் 20% குறுகிய கால வரி போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

புதுக்கணக்கு:
நன்றி சார். உடைத்த அன்றே வாங்குவதா, திரும்பி 500-க்கு வரும்வரை காத்திருப்பதா?

மெழுகுவத்தி:
வலுவான பங்கு பல சமயம் திரும்பி வராது. அதனால் பாதி அன்றே, மீதி திரும்பி வந்து 500-ல் நின்றால். மூன்று நாளுக்குள் 500-க்குக் கீழே முடிந்தால் ஸ்டாப்புக்குக் காத்திராமல் வெளியேறலாம்.

சர்க்யூட்:
அதற்கும் முன்னால் சந்தையைப் பாருங்கள். புதிய உச்சங்களின் எண்ணிக்கையையும் புதிய தாழ்வுகளின் எண்ணிக்கையையும் தினமும் குறித்து வையுங்கள். இண்டெக்ஸ் ஏற ஏற உச்சம் தொடும் பங்குகள் குறைந்துகொண்டே வந்தால் வாங்கும் அளவைப் பாதியாக்குங்கள். நிஃப்டி 2024 செப்டம்பர் 27-ல் 26,277-ஐத் தொட்டது, 2025 ஏப்ரல் 7-ல் பகலில் 22,000-க்குக் கீழே போனது. அந்த மாதிரி இறக்கத்தில் பிரேக் அவுட் (உச்சத்தை உடைப்பது) பெரும்பாலும் நிற்காது.

கணக்குப்பிள்ளை:
ஒன்று விட்டுப்போச்சு. டெலிவரியில் வாங்கியதற்கு ஜிடிடி ஸ்டாப் (குறித்த டிரிகர் விலை வந்தால் தானாகப் போகும் ஆர்டர்) போட்டால் போதாது. டிடிபிஐ (விற்ற பங்கைக் கணக்கிலிருந்து எடுக்க புரோக்கருக்குத் தரும் நிரந்தர அனுமதி) கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் டி-பின் எண் போட்டு நீங்கள் அனுமதி தராத அன்று விற்பனை ஆர்டர் ரிஜெக்ட் ஆகும். ஜிடிடியில் லிமிட்டை டிரிகருக்கு ஒட்டி வைக்காமல், 480 டிரிகர் என்றால் 474 லிமிட் என்று கொஞ்சம் இறக்கி வையுங்கள். 470-ல் கேப் டவுன் ஆகித் திறந்தால் அதுவும் நிறைவேறாது, நீங்களே உட்கார்ந்து விற்க வேண்டியதுதான்.